சந்தைக்குப் போகும் முன் பட்டாவைப் பாருங்க!

கத்தரிக்காயைக் கிலோ இருபது ரூபாய்க்கு மண்டியில் போட்டுவிட்டு வெளியே வருகிறார் ஒரு விவசாயி. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் அதே காய் தள்ளுவண்டியில் முப்பது ரூபாய். அந்த நேரத்தில் அவர் மனசில் வருகிற கேள்வி ஒன்றுதான்: ‘இதை நாமே உட்கார்ந்து வித்தா என்ன?’

கேள்வி சின்னது. பதில் கொஞ்சம் நீளமானது. காய் விளைவிக்கத் தெரிந்தவருக்கு விற்கத் தெரியாது என்பதல்ல பிரச்னை. தராசைப் பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் மூட்டையோடு போய் நின்றால், வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம் இருக்கிற தென்னேரியையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் பேர் கொடுத்ததே ஏரிதான். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் ‘திரையன் ஏரி’ என்று வழங்கி, பிறகு தென்னேரி ஆனது என்று சொல்வார்கள். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஏரிக்குக் கீழே நெல். கிணறோ போர்வெல்லோ உள்ள மேட்டு நிலத்தில் கத்தரி, வெண்டை, கீரை. சுற்று வட்டாரத்தில் தறிச் சத்தமும் உண்டு.

தறிக்காரக் குடும்பங்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். கூலிக்கு நெய்பவர் தான் நெய்த பட்டுப்புடவைக்கு விலை சொல்வதில்லை. விலை வேறு யாரோ சொல்வது. மண்டிக்குக் காய் போடும் விவசாயிக்கும் அதே நிலைமைதான். ‘இன்னிக்கு ரேட் இது’ என்பார்கள். வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அந்த நிலையை மாற்றத்தான் உழவர் சந்தை வந்தது.

மதுரையில் தொடங்கியது

1987ல் பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் விவசாயிகளே நேரடியாக விற்கும் சந்தை ஆரம்பமானது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே வருடம் நவம்பர் 14ஆம் தேதி, மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். நடுவில் ஆட்சி மாறியபோது பல சந்தைகள் களையிழந்தன. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. இன்று மாநிலத்தில் 180க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. கோவை ஆர்.எஸ். புரம், சேலம் சூரமங்கலம், ஈரோடு சம்பத் நகர் சந்தைகளை அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலும் ஒன்று உண்டு.

ஏற்பாடு எளிமையானது. கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுப்பார்கள். காலையில் வாங்கி, விற்று முடித்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். அன்றன்றைய விலையை அதிகாலையில் சந்தை அலுவலர்களும் விவசாயிகளும் சேர்ந்து முடிவு செய்து பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது அதற்கான கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

இவ்வளவும் இலவசமாகக் கொடுத்துவிட்டுச் சந்தை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘இந்தக் காயை விளைவித்தது நீங்கள்தானா?’

அட்டை இல்லாமல் ஆட்டம் இல்லை

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதாது. அடையாள அட்டை வேண்டும். யார் விவசாயி, எந்த ஊர், எந்த நிலம், என்ன பயிர் என்ற விவரங்களோடு போட்டோ ஒட்டிய அட்டை. அதைக் காட்டினால்தான் கடை கிடைக்கும், தராசு கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் இடம் உழவர் சந்தையின் நிர்வாக அலுவலர் அலுவலகம். வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறையின் கீழ் வருவது. பொதுவாகக் கேட்பவை: பட்டா அல்லது சிட்டா, அடங்கல், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ. அதன் பிறகு வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் நிலத்துக்கே வந்து பயிரைப் பார்ப்பார். விண்ணப்பத்தில் வெண்டை என்று எழுதிவிட்டு நிலத்தில் வெறும் தரிசாக இருந்தால், அத்தோடு சரி.

‘நாலு கிலோ கத்தரிக்கா விக்க இவ்வளவு விசாரணையா?’ என்று சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் இந்த விசாரணைதான் சிறு விவசாயிக்குக் காவல். இது தளர்ந்தால் என்ன ஆகும்? மண்டியில் மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, ‘நம்ம தோட்டத்துக் காய்ங்க’ என்று சொல்லி உட்காரும் வியாபாரி உள்ளே வந்துவிடுவார். அவரிடம் முப்பது வகைக் காய் இருக்கும். உண்மையான விவசாயியிடம் மூன்று வகைதான் இருக்கும். கூட்டம் எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

நம் ஊரில் மட்டும் உள்ள கெடுபிடி அல்ல இது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1977ல் விவசாயிகளின் நேரடிச் சந்தைகளுக்கு வழிவிட்டபோது, அங்கேயும் இதே ஏற்பாட்டைத்தான் செய்தார்கள். மாவட்ட விவசாய அதிகாரி நிலத்தைப் பார்த்து, என்னென்ன பயிர் என்று எழுதிச் சான்று தருவார். சான்றில் இல்லாத பயிரை அங்கே விற்க முடியாது. ஊர் எதுவானாலும் திருட்டு வழி ஒன்றுதான் என்பதால், பூட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

நிலம் யார் பேரில்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பல குடும்பங்களின் சந்தைக் கனவு நின்றுபோவது விலையாலோ விளைச்சலாலோ அல்ல. பட்டாவால்.

தென்னேரிப் பக்கம் நாற்பது சென்ட் மேட்டு நிலத்தில் காய்கறி போடும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். சந்தைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. மனைவி கேட்கிறார்:

“ஏங்க, நிலம் யார் பேர்ல இருக்கு?”

“நம்ம பேர்லதான். தாத்தா நிலம்தானே.”

“தாத்தா நிலம்னா தாத்தா பேர்லதானே இருக்கும்?”

சிட்டாவை எடுத்துப் பார்த்தால், மனைவி சொன்னதுதான் சரி. தாத்தா போய் இருபது வருடம் ஆகிவிட்டது. அவருக்குப் பிறகு அப்பா, சித்தப்பா, அத்தை. அவர்களுக்கும் பிள்ளைகள். வாய்வழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் பயிர் வைக்கிறார்கள். சண்டை கிடையாது. காகிதமும் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் கூடுகிறார்கள். இந்தப் பேச்சை எடுக்க மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை. ‘இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?’ என்று தள்ளிப்போட்டே இருபது வருடம் ஓடிவிட்டது.

ஊருக்கு ஊர் இப்படி எத்தனை வீடுகள்! பயிர்க்கடன், காப்பீடு, உதவித்தொகை என்று எதற்குப் போனாலும் முட்டி நிற்பது இந்த இடத்தில்தான். உழவர் சந்தை அட்டையும் விதிவிலக்கல்ல.

வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து, வாரிசுகள் எல்லோர் பேரிலும் கூட்டுப் பட்டாவுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தனித்தனிப் பட்டா வேண்டும் என்றால், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு மனு கொடுக்க வேண்டும். கல்யாணமாகிப் போன அத்தையை விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமை உண்டு. அவரையும் உட்காரவைத்துப் பேசுவதே முறை. பின்னால் வழக்கு வராமல் இருக்க அதுதான் பாதுகாப்பும்.

பட்டா மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அந்த நிலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர், சாகுபடி செய்வது யார் என்று சொல்லும். அடங்கலை எழுதுவது கிராம நிர்வாக அலுவலர். உங்கள் பயிர் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு சந்தை அலுவலரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். எந்தக் காகிதம் போதும், எது போதாது என்று முடிவு செய்வது அவர்தான். விதை வாங்குவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குத்தகைக்குப் பயிர் வைப்பவரின் பாடு இன்னும் கஷ்டம். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கிராமத்தில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். ‘எழுதிக் கொடுத்தா நிலம் கைவிட்டுப் போயிடுமோ’ என்று நிலத்துக்காரருக்குப் பயம். ‘எழுதிக் கேட்டா அடுத்த வருஷம் குத்தகையே கிடைக்காதோ’ என்று பயிர் வைப்பவருக்குப் பயம். வெயிலில் நின்று விளைவித்தவருக்குத்தான் ‘நான் விவசாயி’ என்று காட்டக் காகிதம் இல்லை. இந்த ஏற்பாட்டில் இன்னும் சரியாகாத ஓட்டை இது.

இன்னொரு விஷயம். பட்டா கணவர் பேரில் இருக்கும். களை எடுப்பதும் காய் பறிப்பதும் மனைவியாக இருப்பார். சந்தையில் உட்காரப் போவதும் அவராகவே இருக்கலாம். அப்படியானால் விண்ணப்பிக்கும்போதே குடும்ப உறுப்பினராக அவர் பேரையும் போட்டோவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அட்டையில் இருப்பவர் வேறு, கடையில் இருப்பவர் வேறு என்றால் தினமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மண்டிக்கு ஒரு பயிர், சந்தைக்கு ஒரு பயிர்

அட்டை வந்துவிட்டது. அடுத்து நிலம்.

மண்டிக்குப் பயிர் செய்கிறவர் நாற்பது சென்ட்டிலும் கத்தரியே போடுவார். ஒரே நாளில் நிறையப் பறித்தால்தான் வண்டி வாடகை கட்டும். சந்தைக்கு அது சரிப்படாது. கத்தரி வாங்க வருகிற அம்மா பக்கத்திலேயே ஒரு கட்டுக் கீரை, கால் கிலோ வெண்டை, நாலு முருங்கைக்காய் இருந்தால் அதையும் வாங்கிவிடுவார். அதனால் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்.

சிறுகீரை விதைத்த இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். வாரம் ஒரு பாத்தி என்று விதைத்து வந்தால், நாலாவது வாரத்திலிருந்து இடைவெளி இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். வெண்டை விதைத்துச் சுமார் 45 நாளில் காய்ப்புக்கு வரும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முற்றிவிடும். கத்தரி நட்டு இரண்டு மாதத்தில் தொடங்கி, பல மாதம் காய்க்கும். வரப்போரம் நாலு முருங்கை, வேலியில் அவரை, கோவக்காய்.

காஞ்சிபுரம் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் மாதங்களில் தாழ்வான நிலத்தில் காய்கறி அழுகிவிடும். அப்போதுதான் சந்தையில் விலையும் ஏறியிருக்கும். தண்ணீர் நிற்காத மேட்டுத் துண்டு ஒன்றைக் கார்த்திகைக்கு என்றே வைத்துக்கொள்பவர் கெட்டிக்காரர்.

நெல் இந்தச் சந்தைக்கான சரக்கல்ல. சொர்ணவாரி, சம்பா, நவரை நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் தனி வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கையில் என்ன நிற்கும்?

ஆசையாகச் சொல்வதைவிடக் கணக்காகச் சொல்வது நல்லது. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

நாற்பது கிலோ கத்தரி. மண்டியில் கிலோ 20 என்றால் 800 ரூபாய். பத்து சதவீதம் கமிஷன் 80, வண்டியும் இறக்குகூலியும் 60. கையில் நிற்பது 660.

அதே காய் உழவர் சந்தையில் கிலோ 25. முப்பத்தைந்து கிலோ விற்றால் 875. மிச்சம் ஐந்து கிலோவைக் கடைசி நேரத்தில் பத்து ரூபாய்க்குத் தள்ளினால் 50. மொத்தம் 925. போக்குவரத்து, டீ, டிபன் 100 போனால் 825.

வித்தியாசம் 165 ரூபாய். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, மதியம்வரை ஓர் ஆள் உட்கார்ந்ததற்கு 165. தமிழ்நாட்டுக்கு 2025-26ல் நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அதில் பாதிகூட இல்லை! கத்தரி மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதத்தில் சலித்துப்போய்த் திரும்பியவர்களின் கதை இதுதான்.

அதே கூடையோடு அறுபது கட்டுக் கீரை. ஊரிலேயே வந்து எடுப்பவருக்குக் கட்டு ஐந்து ரூபாய் என்று 300. சந்தையில் கட்டு ஒன்பது ரூபாய்க்கு ஐம்பது கட்டு விற்று, பத்து வாடிப்போனாலும் 450. கூடுதல் 150. பதினைந்து கிலோ வெண்டை, மண்டியில் 30, சந்தையில் 37. விலை வித்தியாசம் 105, மிச்சமான கமிஷன் 45. கூடுதல் 150. பஸ் செலவு ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. மூன்றும் சேர்ந்து 465. இப்போது அந்தக் காலை நேரத்துக்கு ஓர் அர்த்தம் வருகிறது.

சந்தைக்கு மூன்று நாலு வகை இல்லாமல் போகக்கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

அப்போது ஓர் ஆசையும் வரும். ‘பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட சுரைக்காய் இருக்கே, அதையும் தூக்கிட்டுப் போனா என்ன?’ உதவிதான், தப்பு என்று தோன்றாது. ஆனால் அட்டையில் இல்லாத காய் வந்தால் கேள்வி வரும். அட்டையே போகவும் கூடும். அண்ணனும் அட்டை எடுத்துவிட்டால், இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் போகலாம். வாடகையும் பாதியாகும்.

காலை நேரத்தின் விலை

சந்தை திறப்பது விடியும் முன்னே. நல்ல வியாபாரம் முதல் மூன்று மணி நேரம். காய்களை முந்தின நாள் சாயங்காலமே பறித்து, கீரையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட வேண்டும். சந்தைகள் தொடங்கிய காலத்திலேயே விவசாயிகளுக்காக அதிகாலைப் பேருந்துகள் விடப்பட்டன; மூட்டைக்குச் சுமைக் கட்டணம் இல்லை என்ற சலுகையும் வந்தது. உங்கள் வழித்தடத்தில் இப்போது அப்படி ஒரு பஸ் இருக்கிறதா என்று சந்தை அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஷேர் ஆட்டோ கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி வீட்டில் இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து போவது யார்? போனவர் திரும்பும்வரை மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கிளப்புவது யார்? “அத்தை, காலையில பசங்களை நீங்க பாத்துக்கறீங்களா?” என்று மருமகள் கேட்டு, மாமியார் ‘சரிம்மா’ என்ற வீட்டில்தான் சந்தைக்கடை ஓடும். வீட்டில் பேசாமல் சந்தையில் இடம் பிடித்துப் பிரயோஜனமில்லை.

தினமும் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. திங்கள், வியாழன், சனி என்று வைத்துக்கொண்டால் அதைத் தவறாமல் செய்யுங்கள். ‘வியாழக்கிழமை அந்தக் கீரைக்காரம்மா வருவாங்க’ என்று பத்து வீடு நினைக்க ஆரம்பித்தால், அதுதான் உங்கள் முதலீடு. சொத்தைக் காயை அடியில் போட்டு நிறுத்தால் அந்தப் பத்து வீடும் ஒரே வாரத்தில் போய்விடும். பலகையில் எழுதிய விலைக்கு மேல் விற்கக்கூடாது; குறைத்துக் கொடுக்கலாம். கிழவி ஒருவர் சில்லறை எண்ணி நின்றால் இரண்டு ரூபாய் விட்டுக்கொடுக்கிற உரிமை இப்போது உங்களுடையது. மண்டியில் அது இருந்ததில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பது வகை அடுக்கியிருக்கும் கடையைவிட, மூன்று வகையோடு உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் நில்லுங்கள். ‘எந்த ஊரும்மா? எப்ப பறிச்சது?’ என்று கேளுங்கள். விளைவித்தவருக்குப் பதில் சொல்ல ஆசையாக இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண்ணைப் போட்டால் சிட்டா போனிலேயே வந்துவிடும். அதில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பேராக இருந்தால் சந்தை அலுவலகத்துக்குக் கிளம்பலாம். தாத்தா பேராக இருந்தால், முதலில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் போன் போடுங்கள்.